வளைந்த விரல்கள் வழங்கிய ஒளி!

விழுப்புரம் சந்திப்பிலே ரயில் ஏறுகிறவர், திண்டிவனம், செங்கற்பட்டு, தாம்பரம் எனக் கடந்து வந்து எழும்பூரிலே இறங்குகிறார். அந்த எழும்பூரிலேதான் இருக்கிறது அரசு கண் மருத்துவமனை. 1819-ஆம் ஆண்டு சென்னையிலே தொடங்கப்பட்ட நிலையம் அது. உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளின் வரிசையிலே வைத்து எண்ணப்படுவது. ரயில் பாதையும் நேற்று வந்ததன்று. 19-ஆம் நூற்றாண்டிலேயே வெள்ளையன் போட்ட பாதை.

பாதை இருந்தது, பாதையின் முடிவிலே மருத்துவமனையும் இருந்தது. இருந்து என்ன பயன்? மரக்காணத்து உப்பளத்திலே, கண்ணைப் பறிக்கும் வெயிலிலே நின்று உப்பு வாரிய உழைப்பாளி, முதுமையிலே பார்வை இழந்து திண்ணையிலே முடங்கினார். செஞ்சிப் பக்கத்திலே மல்லாட்டை பிடுங்கிப் பிள்ளைகளை வளர்த்த தாய், பேரக் குழந்தையின் முகத்தைக் கையால் தடவியே அடையாளம் கண்டாள். கண்ணிலே புரை விழுந்துவிட்டது, இனி அவ்வளவுதான் என்று வீட்டாரும் சொன்னார்கள், ஊராரும் சொன்னார்கள். போன பிறவியிலே செய்த வினை என்று சொல்லிவைக்கவும் ஆள் இருந்தது.

எழும்பூருக்கு அவர்கள் ஏன் போகவில்லை? கணக்குப் போட்டுப் பாருங்கள், தோழர்களே! பார்வை இழந்தவர் தனியே போக முடியாது. துணைக்கு ஒருவர் வேண்டும். ஆகவே பயணச் சீட்டு இரண்டு. துணைக்குப் போகிறவருக்கு அத்தனை நாளும் கூலி கிடையாது. பட்டணத்திலே இருவருக்கும் தங்க இடம் வேண்டும், இருவருக்கும் சோறு வேண்டும். வீட்டிலே விட்டுவந்த ஆட்டுக்கும் மாட்டுக்கும் தழை போட ஆள் வேண்டும். இத்தனைக்கும் மேலே, கத்தி பட்டால் மிச்சமிருக்கும் வெளிச்சமும் போய்விடுமோ என்ற அச்சம். அன்றாடங்காய்ச்சிக்கு அந்த நூறு மைல், நூறு மைல் அல்ல. கடக்கவே முடியாத கடல்.

இந்தக் கணக்கைப் புரிந்துகொண்டு, நோயாளி வரட்டும் என்று காத்திராமல், மருத்துவத்தையே ஊருக்கு எடுத்துக்கொண்டு போன ஒரு மனிதரின் வாழ்க்கையை இன்று எண்ணிப் பார்ப்போம். அவர் பெயர் டாக்டர் கோ. வெங்கடசாமி.

எட்டயபுரத்துக்கு அருகே வடமலாபுரம் என்ற கரிசல் காட்டுச் சிற்றூரிலே, உழவர் குடும்பத்திலே, 1918 அக்டோபர் 1-ஆம் நாள் பிறந்தார் வெங்கடசாமி. உடன்பிறந்தோர் ஐவரில் மூத்தவர். தாளும் எழுதுகோலும் எளிதிலே கிடைக்காத காலம். ஆற்று மணலைப் பரப்பி, அதிலே விரலால் எழுதிப் படித்த தலைமுறை அவருடையது. ஊரிலே மருத்துவர் இல்லை. உறவிலே மூன்று பெண்கள், பேறுகாலத்தை ஒட்டி, ஒருவர்பின் ஒருவராக மாண்டுபோனதைச் சிறுவயதிலே கண்டார். பக்கத்திலே ஒரு மருத்துவர் இருந்திருந்தால் பிழைத்திருப்பார்கள் என்ற எண்ணம் அவரை விடவில்லை. மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்று உறுதி பூண்டார்.

மதுரை அமெரிக்கன் கல்லூரியிலே படித்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியிலே 1944-ல் மருத்துவப் பட்டம் பெற்றார். பின்னர் ராணுவ மருத்துவப் பிரிவிலே சேர்ந்தார். எல்லாம் எண்ணியபடியே நடந்துகொண்டிருந்தபோதுதான் இடி விழுந்தது. கடுமையான மூட்டுவாதம் அவரைப் பற்றிக்கொண்டது. மூட்டுகள் வீங்கின, விரல்கள் வளைந்து முறுக்கிக்கொண்டன. 1948-ல் ராணுவத்திலிருந்து விடுவிக்கப்பட்டார். நீண்ட காலம் மருத்துவமனைக் கட்டிலிலேயே கிடந்தார். எழுந்து நிற்பதே போராட்டம், பேனா பிடிப்பது பெரும்பாடு என்ற நிலை. மகப்பேறு மருத்துவம் பார்க்கும் கனவு அங்கேயே கலைந்தது.

வேறொருவராயின் ஊருக்குத் திரும்பி, கிடைத்ததைக் கொண்டு காலம் தள்ளியிருப்பார். வெங்கடசாமி கண் மருத்துவம் படிக்கப் போனார்! கண் அறுவை, மயிரிழை பிசகினாலும் பார்வை போய்விடும் வேலை. நல்ல விரல் படைத்தவர்களே நடுங்கும் வேலை. அந்த வேலைக்குத் தம் வளைந்த விரல்களைப் பழக்கினார் அவர். தம் கைக்கு ஏற்றபடி கருவிகளை அமைத்துக்கொண்டார். கத்தியைப் பிடிக்கவும், புரையை அகற்றவும், தையலிடவும் நாள்தோறும் பயின்றார். வலி அவரை விட்டு விலகவே இல்லை. வலியோடுதான் வாழ்ந்தார், வலியோடுதான் அறுத்தார். அந்த விரல்கள் வாழ்நாளிலே செய்த கண் அறுவைகள் ஒரு லட்சத்துக்கும் மேல்.

கண்புரை என்பது என்ன? கண்ணின் கருமணிக்குப் பின்னே கண்ணாடிபோல் தெளிந்த வில்லை ஒன்று இருக்கிறது. வயது ஏற ஏற அது மங்கிப் பால்போல் வெளுக்கிறது. ஒளி உள்ளே போகும் வழி அடைபடுகிறது. நடப்பது அவ்வளவே. மங்கிய வில்லையை எடுத்துவிட்டால் ஒளி மீண்டும் உள்ளே போகிறது. இதிலே வினையும் இல்லை, சாபமும் இல்லை. பண்ணையார் கண்ணுக்கும் புரை வருகிறது. பண்ணையாள் கண்ணுக்கும் புரை வருகிறது. பண்ணையாருக்கு அது சில நாள் தொல்லை. பண்ணையாளுக்கோ வாழ்நாள் இருட்டு! இந்த வேறுபாட்டை உண்டாக்கியது இயற்கையா? இல்லை, வசதியும் வறுமையும் உண்டாக்கிய வேறுபாடு அது.

1956-ல் மதுரை அரசு மருத்துவக் கல்லூரிக்குக் கண் மருத்துவத் துறையின் தலைவராக வந்தார் வெங்கடசாமி. அங்கே இருபது ஆண்டுக் காலம் அரசு ஊழியராகப் பணியாற்றினார். இதை நாம் மறந்துவிடக் கூடாது. அரசாங்க ஆஸ்பத்திரி என்றால் முகம் சுளிக்கும் மேட்டுக்குடியினர், தமிழ்நாட்டின் தலைசிறந்த கண் மருத்துவர் உருவானது அரசு மருத்துவமனையிலேதான் என்பதை அறிந்துகொள்ள வேண்டும்.

1960-களின் தொடக்கத்திலே அவர் கண் முகாம்களைத் தொடங்கினார். மருத்துவர்களும் செவிலியரும் கருவிகளோடு வண்டி ஏறிச் சிற்றூர்களுக்குப் போனார்கள். பள்ளிக்கூடமும் சத்திரமும் மருத்துவமனையாயின. இன்றுபோல் அன்று கண்ணுக்குள்ளே செயற்கை வில்லை வைப்பதில்லை. புரையை எடுத்துவிட்டு, சோடாப் புட்டிக் கண்ணாடி கொடுப்பார்கள். அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பல ஆண்டுகளுக்குப் பிறகு வரப்பைப் பார்த்த உழவரின் மகிழ்ச்சிக்கு விலை ஏது?

1970-களின் தொடக்கத்திலே, கலைஞர் தலைமையிலே அமைந்த கழக ஆட்சி, கண்ணொளி வழங்கும் திட்டம் என்று பெயரிட்டு, இலவசக் கண் சிகிச்சை முகாம்களை அரசின் திட்டமாகவே நடத்தியது. குடிசை மாற்று வாரியம் கண்ட ஆட்சி, கை ரிக்‌ஷாவை ஒழித்த ஆட்சி, ஏழையின் கண்ணையும் அரசின் கவலையாக்கிற்று. 1973-ல் வெங்கடசாமிக்குப் பத்மஸ்ரீ விருது வந்தது. 1976-ல் மத்திய அரசும் பார்வையிழப்பைத் தடுக்கும் தேசியத் திட்டத்தைத் தொடங்கிற்று. கண் என்பது வீட்டாரின் கவலை மட்டுமன்று, நாட்டின் பொறுப்பு என்ற கருத்து இப்படித்தான் படிப்படியாக வேரூன்றியது.

அவர் முதியவர்களின் புரையோடு நின்றுவிடவும் இல்லை. சத்துணவு இன்மையால் குழந்தைகளின் கண் கெடுவதைக் கண்டார். வைட்டமின் ஏ குறைந்தால் முதலிலே மாலைக்கண் வரும். கவனியாது விட்டால் கருவிழியே வெந்து கரைந்து, பார்வை என்றென்றைக்கும் போய்விடும். அப்படிப்பட்ட குழந்தைகளையும் தாய்மார்களையும் மருத்துவமனையிலே தங்கவைத்து, கீரையும் பயறும் சமைத்துக் கொடுத்து, சமைக்கவும் கற்றுக்கொடுக்கும் நிலையம் ஒன்றை 1971-ல் மதுரையிலே அமைத்தார். வேலியிலே முருங்கை தழைத்து நிற்க, வீட்டுக்குள்ளே குழந்தை குருடாவதா என்பதே அவருடைய கவலை.

இந்த முயற்சிகளுக்குக் கடல் கடந்தும் துணை கிடைத்தது. பன்னிரண்டு வயதிலே பள்ளி ஆய்வுக்கூடத்து வெடிவிபத்திலே இரு கண்களையும் இழந்த ஆங்கிலேயர் சர் ஜான் வில்சன், 1950-ல் பார்வையற்றோருக்கென ஒரு சங்கத்தை நிறுவினார். தாம் இழந்ததைப் பிறர் இழக்கக் கூடாது என்று நாடு நாடாகச் சுற்றிய அந்த மனிதர், மதுரையின் முகாம்களுக்கு உற்ற துணையானார்.

1976. வெங்கடசாமிக்கு வயது 58. அரசுப் பணியிலிருந்து ஓய்வு. மணம் செய்துகொள்ளாத மனிதர், கையிலே ஓய்வூதியம், உடலிலே தீராத வலி. சாய்வு நாற்காலி அவருக்காகக் காத்திருந்தது. அவர் அதிலே அமரவில்லை. மதுரையிலே 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கடன் கொடுக்க வங்கிகள் தயங்கின. வீடு அடகுக்குப் போயிற்று. குடும்பத்துப் பெண்களின் நகைகளும் போயின. தங்கை டாக்டர் நாச்சியார், அவர் கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமி என உடன்பிறந்தாரும் உறவினரும் தோள் கொடுத்தார்கள். கட்டணம் கொடுக்க முடிந்தவர் கொடுக்கட்டும், அதிலே மிஞ்சுவதைக் கொண்டு கொடுக்க முடியாதவருக்கும் அதே மருத்துவம் என்பது அவர் வகுத்த விதி. பணக்காரர் படுக்கும் அறையும் ஏழை படுக்கும் பாயும் வேறாக இருக்கலாம். அறுவை செய்யும் கை இருவருக்கும் ஒன்றே.

அங்கே அவர் செய்த புதுமை, ஆலைத் தொழிலாளர்களுக்கு எளிதிலே விளங்கும். ஆலையிலே ஒருவன் ஒரு பாகத்தைப் பொருத்துவான், அடுத்தவன் அடுத்ததைப் பொருத்துவான். பொருள் நகர்ந்துகொண்டே இருக்கும். அமெரிக்காவிலே மெக்டொனால்ட்ஸ் உணவுக் கடைகளைக் கண்ட வெங்கடசாமி, ஊருக்கு ஊர் ஒரே தரத்திலே, கடைசி ஆள் வரை பயிற்சி கொடுத்து இத்தனை கோடிப் பேருக்கு உணவு கொடுக்க முடியுமானால், கண்ணொளியை ஏன் கொடுக்க முடியாது என்று எண்ணினார். ஒரு மருத்துவருக்கு அடுத்தடுத்து இரண்டு மேசைகள். ஒருவருக்கு அறுவை நடக்கும்போதே அடுத்தவர் பக்கத்து மேசையிலே தயாராக இருப்பார். முடிந்ததும் மருத்துவர் அந்தப் பக்கம் திரும்புவார். ஒரு நொடியும் வீணாகாது. முதலாளியின் இலாபப் பெட்டியை நிரப்பவே பயன்பட்டுவந்த வேலைப் பிரிவினை, இங்கே ஏழையின் கண்ணுக்குப் பயன்பட்டது!

அந்த ஏற்பாட்டைத் தாங்கி நின்றவர்கள் யார்? பள்ளிப் படிப்பை முடித்த சிற்றூர்ப் பெண்கள். இரண்டு ஆண்டுகள் பயிற்சி பெற்று, கண்ணைச் சோதிப்பது, நோயாளியைத் தயார் செய்வது, கருவிகளை எடுத்துக் கொடுப்பது, அறுவைக்குப் பின் பேணுவது ஆகிய எல்லாவற்றையும் செய்தவர்கள் அவர்கள். மருத்துவரின் பெயர் கல்வெட்டிலே நிற்கும். அந்தப் பெண்களின் பெயர் நிற்காது. வெங்கடசாமியைப் போற்றும்போது அந்த உழைப்பாளிப் பெண்களையும் சேர்த்தே போற்றுவது நம் கடமை.

பிறகு வந்தது கண்ணுக்குள்ளே பொருத்தும் செயற்கை வில்லை. அதைப் பொருத்திவிட்டால் சோடாப் புட்டிக் கண்ணாடி வேண்டியதில்லை. ஆனால் வெளிநாட்டிலிருந்து வந்த வில்லையின் விலையோ 100 டாலர், அதற்கும் மேல். வறிய நாடுகளுக்கு இது கட்டுப்படியாகாது என்று வல்லுநர் பலர் கூறினர். பணக்காரனுக்கு வில்லை, பாட்டாளிக்குப் புட்டிக் கண்ணாடி என்ற புதிய வருணாசிரமத்தை வெங்கடசாமி ஏற்கவில்லை. 1992-ல் மதுரையிலேயே ஆரோலேப் என்ற தொழிற்கூடம் எழுந்தது. வில்லையின் விலை 10 டாலர் அளவுக்கு இறங்கியது. பின்னர் அதனினும் இறங்கியது. அங்கே செய்த வில்லைகள் தமிழ்நாட்டு உழவரின் கண்ணிலே மட்டுமா, உலகின் பல நாட்டு ஏழைகளின் கண்ணிலும் அமர்ந்தன.

இத்தனை செய்தும் அவர் மனம் நிறைவு பெறவில்லை. முகாம் நடக்கிறது, சிகிச்சை இலவசம். ஆனாலும் வரவேண்டியவர்கள் வருகிறார்களா என்று கேள்வி எழுந்தது. அரவிந்த் மருத்துவமனையினர் பங்கேற்ற ஓர் ஆய்வின் முடிவு 1999-ல் வெளியாயிற்று. கண் கோளாறு உள்ளவர்களில் நூற்றுக்கு ஏழு பேர் அளவிலேதான் முகாமுக்கு வந்திருந்தார்கள்! மீதிப் பேர் வீட்டிலேயே இருந்தார்கள். அழைத்துச் செல்ல ஆளில்லை, கூலி போய்விடும், அச்சம், இந்த வயதிலே எதற்கு என்ற சலிப்பு. விழுப்புரத்து ஏழையை எழும்பூருக்குப் போகவிடாமல் தடுத்த அதே காரணங்கள்தாம், முகாம் பக்கத்து ஊருக்கே வந்த பிறகும் வழிமறித்து நின்றன.

ஆகவே தொலைவை இன்னும் குறைக்க வேண்டியதாயிற்று. முகாமிலே தேர்ந்தெடுக்கப்பட்டவர்களைப் பேருந்திலே அழைத்துச் சென்று, சோறு போட்டு, அறுவை செய்து, வில்லை பொருத்தி, மருந்து கொடுத்து, ஊரிலே கொண்டுவந்து விடும் முறை வளர்ந்தது. தேனி, திருநெல்வேலி, கோயம்புத்தூர் என மருத்துவமனைகள் பெருகின. 2003-ல் புதுச்சேரியை அடுத்த தவளக்குப்பத்திலே, கடலூர்ச் சாலையிலே ஒரு மருத்துவமனை எழுந்தது. விழுப்புரத்திலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் புதுவை ஏறத்தாழ 40 கிலோமீட்டர்தான். எழும்பூர் என்று ஏங்கி நின்ற பகுதிக்குப் பக்கத்திலேயே வாசல் திறந்தது. 2004 முதல் சிற்றூர்களை ஒட்டியே பார்வை மையங்கள் ஏற்பட்டன. அங்கே சோதிக்கப்படும் கண்ணை, தொலைவிலே மருத்துவமனையிலிருக்கும் மருத்துவர் கணினி வழியே பார்த்து யோசனை சொல்லலானார். 2006 ஜூலை 7-ஆம் நாள், 87-ஆம் வயதிலே வெங்கடசாமி மறைந்தார்.

அவர் ஆன்மிகவாதி. அரவிந்தரின் நெறியிலே ஆழ்ந்தவர். அந்தப் பெயரையே மருத்துவமனைக்கும் சூட்டியவர். பகுத்தறிவுப் பாசறையிலே பயின்ற நமக்கு அந்த வழியிலே உடன்பாடு கிடையாது. அதை மறைக்கவும் வேண்டியதில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: பார்வை இழந்து வந்தவரைப் பார்த்து, வேண்டிக்கொள், விரதம் இரு, விதி என்று பொறுத்துக்கொள் என்று அவர் சொல்லி அனுப்பவில்லை. புரையைக் கத்தியால் எடுத்தார். வில்லையைத் தொழிற்கூடத்திலே செய்தார். வராதவர் ஏன் வரவில்லை என்பதைக் கணக்கெடுத்து அறிந்தார். அவர் நெஞ்சிலே எந்த நம்பிக்கை இருந்தாலும், அவர் கையிலே இருந்தது அறிவியல். அந்தக் கையை நாம் வணக்கத்தோடு பற்றிக்கொள்ளலாம்.

இன்று நிலைமை என்ன? அரசு மருத்துவமனைகளிலே கண்புரை அறுவைக்குக் கட்டணம் இல்லை. விழுப்புரத்தை அடுத்த முண்டியம்பாக்கத்திலே அரசு மருத்துவக் கல்லூரியே வந்துவிட்டது. இருந்தும், 2015 முதல் 2019 வரை நாடு முழுவதும் எடுத்த கணக்கிலே, 50 வயதைக் கடந்து பார்வை இழந்தோரில் மூன்றிலே இரண்டு பங்கினர் கண்புரையால்தான் இழந்திருக்கிறார்கள் என்று தெரிகிறது. தீர்க்கக்கூடிய இருட்டு தீராமல் கிடக்கிறது! மருத்துவரும் உண்டு, மருந்தும் உண்டு, வில்லையும் உண்டு. வீட்டு வாசலிலிருந்து மருத்துவமனை வாசல் வரை அழைத்துச் செல்லும் ஒரு கைதான் குறைகிறது.

அந்தக் கை யாருடையது? தோழர்களே, கிளைக் கழகம் இல்லாத சிற்றூர் உண்டா? வாக்காளர் பட்டியலைக் கையிலே வைத்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்குகிறவர்கள் நீங்கள். எந்தத் தெருவிலே எந்தப் பாட்டிக்குக் கண் தெரியாது, எந்தத் தாத்தா தடியூன்றித் தடவி நடக்கிறார் என்பதெல்லாம் உங்களுக்கு மனப்பாடம். தேர்தல் நாளிலே அவர்களுக்கு ஆட்டோ அனுப்புகிறீர்கள். கைத்தாங்கலாக அழைத்து வந்து வாக்குச் சாவடியிலே விடுகிறீர்கள். நல்ல காரியம், சனநாயகக் கடமை. ஆனால் அந்த ஆட்டோ ஐந்தாண்டுக்கு ஒருமுறைதான் ஓட வேண்டும் என்று எந்தச் சட்டம் சொல்கிறது?

முகாம் நடக்கும் ஞாயிற்றுக்கிழமையிலே அதே ஆட்டோ ஓடட்டும். துணைக்கு வர மகனுக்கு முடியவில்லை என்றால், கழகத் தோழர் ஒருவர் மகனாகப் போகட்டும். அச்சப்படுகிற பெரியவரிடம், அறுவை முடிந்து பார்வை பெற்ற பக்கத்துத் தெருக்காரரை அழைத்துச் சென்று பேசவையுங்கள். நூறு துண்டறிக்கை செய்யாததை அந்த ஒருவர் பேச்சு செய்யும். நெல் அறுக்கும்போதோ கரும்பு வெட்டும்போதோ கண்ணிலே கீறல் பட்டால், பச்சிலைச் சாறும் தாய்ப்பாலும் ஊற்ற வேண்டாம், அன்றைக்கே மருத்துவரிடம் காட்டு என்று களத்துமேட்டிலே சொல்லுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர், கண் நன்றாகத் தெரிந்தாலும் ஆண்டுக்கு ஒருமுறை சோதித்துக்கொள்ள வேண்டும் என்று தேநீர்க் கடையிலே பேசுங்கள்.

விரல் வளைந்த ஒரு மனிதர், வலியோடு ஒரு லட்சம் கண்களைத் திறந்தார். நேரான விரல்கள் படைத்த நாம், நம் கிளைக்கு உட்பட்ட தெருக்களிலே, இந்த ஆண்டுக்குள் கண்புரையால் இருட்டிலே இருப்பவர் ஒருவரும் இல்லை என்று சொல்லும்படி செய்ய முடியாதா? வாக்காளர் பட்டியலை இன்றே எடுங்கள். பார்வை இழந்தோர் பெயர்களுக்கு நேரே ஒரு கோடு போடுங்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை முதல் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். அடுத்த தேர்தலிலே அந்தப் பாட்டி எவர் கைத்தாங்கலும் இன்றி நடந்து வந்து, சின்னத்தைத் தன் கண்ணாலேயே பார்த்து வாக்களிக்கட்டும். யாருக்கு அளிப்பாள் என்பது அவள் விருப்பம். பார்வையைத் திருப்பிக் கொடுப்பது நம் கடமை!